ஊரி குளிறும் வாவி

மட்டக்களப்பு என்ற பெயரைக் கேட்டதும் மீன் பாடும் செய்தியே எவர் உள்ளத்திலும் முதலில் எழும். 'மீன்பாடும் தேனாடு' என்று அந்நாட்டார் தம் நாட்டைப் பெருமையோடு சொல்லிக்கொள்வர். ஆயினும், அவ்விசையைப் பற்றி எழுத்திலே இடம்பெற்ற பழைய சாட்சியங்களுள் தலையாய ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதிலே பாடுவது மீன் அன்று. வாவியின் அடிச்சேற்றிலே கிடக்கும் ஊரியே பாடுகிறது என்று அந்நாளைய மீன்பிடிகாரர் தயக்கமின்றிச் சொல்லியிருக்கின்றனர். அவர்கள் சொன்னதில் எவ்வளவு மெய் இருந்தது என்பது, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆராயத்தக்க ஒரு கேள்வியாகவே இருந்து வருகிறது.

களப்பு என்பது ஆழமில்லாத நீர்ப்பரப்பைக் குறிக்கும் சொல். மட்டக்களப்பு வாவி அச்சொல்லுக்கு முற்றும் பொருந்தியது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பகுதி வரை, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அது கடலை அடுத்து நீண்டு கிடக்கிறது. ஞாயிறு எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கத்துக் கரை படுவான்கரை. நீரின் பெரும்பகுதி ஓராள் ஆழத்துக்கு மேற்படாது. அடியெங்கும் சேறும், சேறு கலந்த மணலுமே. வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் வாவி கடலோடு கலக்கிறது. இவ்விரு வாயில்களும் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பவை அல்ல என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்வரும் வரலாறு முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றியே செல்லும்.

1848-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். அவர் 1845 முதல் 1850 வரை இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றநாட்டுக் காரியதரிசியாக இருந்தவர். அவர் வந்த காலம் அமைதியான காலமன்று. அவ்வாண்டு ஜூலை இறுதியிலே மாத்தளையில் கலகம் மூண்டு அடக்கப்பட்டிருந்தது; கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டம் இன்னும் நீங்கவில்லை. கலகத்துக்குக் காரணமான வரிகளோடும் அதனை அடக்கிய கொடுமையோடும் அவர் பெயரும் சேர்த்துப் பேசப்பட்டது. இரண்டாண்டுகளில் அவர் பதவியிழந்து தாயகம் திரும்பினார். அத்தகைய ஒருவர், புளியந்தீவிலே போர்த்துக்கீசர் 1628-இல் கட்டி ஒல்லாந்தர் 1638-இல் கைப்பற்றிய கோட்டையின் ஓரத்தில் நின்று, நீருக்கடியில் கேட்கும் இசையைப் பற்றி மீன்பிடிகாரரை விசாரித்தார் என்பது மனித சுபாவத்தின் விசித்திரங்களுள் ஒன்று. ஆட்சியாளர் என்ற முறையில் குடிகளின் குரலுக்கு அவர் எவ்வளவு செவி சாய்த்தார் என்பது வேறு விடயம். அன்றிரவு அவர் நன்றாகவே செவி சாய்த்தார்.

நிலவு எழுந்த பின்னர் மீன்பிடிகாரரோடு தோணியேறிக் கோட்டை வாயிலின் இறங்குதுறையிலிருந்து வடகிழக்காக ஏறக்குறைய 200 யார் தூரம் சென்றார். காற்று இல்லை, துடுப்புப் படும் இடம் தவிர நீரில் அசைவு இல்லை. குறித்த இடத்தை அடைந்ததும் ஓசை எழுந்தது. அது நீண்டிசைக்கும் ஒரே சுரமாக இல்லாமல், தனித்தனியே தெளிந்த நுண்ணிய ஒலிகள் பல திரண்டதாக இருந்தது. உச்சத்தில் ஒலிப்பனவும் மந்தரத்தில் ஒலிப்பனவும் ஒன்றோடொன்று கலந்தன. தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி பன்மடங்கு பெருகியது. தோணி விலகினால் ஓசை மறைந்தது; பழைய இடத்துக்கு மீண்டால் ஓசையும் மீண்டது.

இங்கே டெனன்ற் செய்த தருக்கம் பாராட்டத்தக்கது. கரையிலுள்ள பூச்சிகளின் இரைச்சல் நீர்ப்பரப்பின் மேலாக வந்து சேர்ந்திருக்கலாமோ என்று அவர் முதலில் ஐயுற்றார். ஆனால் கோட்டை மதிலும் கட்டடங்களும் கரையை மறைத்து நின்ற இடங்களிலேயே ஓசை மிகுதியாகக் கேட்டது. ஆகவே அவ்வையம் நீங்கியது. அடுத்தபடியாக, மீனாயின் அது திரியும். ஓசையும் இடம் மாறும். ஓசையோ சிற்சில இடங்களில் நிலைத்து நின்றது. எனவே இடம்விட்டுப் பெயராத பிராணியே இதற்குக் காரணமாகலாம். மீன்பிடிகாரர் ஊரி என்று சொல்வது இதற்கு ஒத்து வருகிறது என்று அவர் முடிவு செய்தார். 1859-இல் வெளிவந்த 'இலங்கை' என்னும் தமது பெருநூலிலும், 1861-இல் வெளிவந்த இலங்கை இயற்கை வரலாற்று நூலிலும் இச்செய்தியை எழுதினார். பம்பாய்த் துறைமுகத்திலும், தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக் கல்தேரா என்னும் துறையிலும் இத்தகைய ஓசை கேட்பதாகச் சொல்லப்படுவதையும் அவர் சேர்த்துக் கூறினார். மெல்லுடற் பிராணி ஒலி எழுப்புமா என்பார்க்கு விடையாக, எடின்பரோவில் றொபேட் கிராண்ட் என்னும் அறிஞர் கண்ணாடிச் சாடியில் வைத்த ஓடில்லாக் கடல்நத்தை ஒன்று 'கிணுங்' என்று ஒலித்ததாக 1826-இல் எழுதியதையும் எடுத்துக்காட்டினார்.

மீன்பிடிகாரர் சொன்ன தமிழை டெனன்ற் தம் காதுக்குக் கேட்டவாறு ஆங்கில எழுத்திலே பொறித்து வைத்திருக்கிறார். 'ஊரி கூலீரூ கிராடூ' என்பது போல அது அமைந்திருக்கிறது. அது அப்பிராணியின் பெயர் என்றும், 'அழுகின்ற ஓடு' என்பது அதன் பொருள் என்றும் அவர் கொண்டார். தமிழறிந்தார் அதனை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் 'ஊரி குளிறுகிறது' என்பதே அது என்று தோன்றும். குளிறுதல் என்றால் ஒலித்தல், முழங்குதல். ஆகவே டெனன்ற் பெயரென்று எழுதிக்கொண்டது பெயரன்று, முழு வாக்கியம். தோணியிலிருந்த ஒருவர் நீரைக் காட்டி, 'அதோ, ஊரி குளிறுகிறது' என்று சொல்லியிருக்க வேண்டும். இலங்கையின் உயர்ந்த உத்தியோகத்தர் ஒருவரின் நூலுக்குள் அம்மனிதரின் பெயர் செல்லவில்லை. அவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் மட்டும் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஊரியைக் கொண்டுவரும்படி டெனன்ற் கேட்டார். அவர்கள் உயிருள்ள சில ஓட்டுப் பிராணிகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். அவற்றுட் பெரும்பாலானவை இரு வகையின. ஒன்று கல்லிலும் கண்டல் மரத்தண்டிலும் ஒட்டி வாழும் சிறு நத்தை வகை. மற்றையது கூம்பு போல நீண்ட ஓடுடைய சேற்று நத்தை. அறிவியலார் பிற்காலத்தில் 'தெரபிரேலியா பலுஸ்திரிஸ்' எனப் பெயரிட்டு வழங்கும் இந்நத்தை, கண்டற்காட்டுச் சேற்றிலே வாழும் நத்தைகளுள் மிகப் பெரியது. நன்கு வளர்ந்தது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இளமையில் அது சேற்றின் மேற்படிந்த நுண்பாசியையும் மட்கலையும் அரித்துண்ணும். வளர்ந்தபின் அதன் அரநாக்கின் பற்கள் வடிவம் மாறும். அப்பொழுது உதிர்ந்து கிடக்கும் கண்டல் இலைகளையே கூட்டமாகக் கூடித் தின்னும். வாவியிலே கிடைத்தவை குட்டையாகவும் தடித்தும் கனத்தும் இருந்தன என்று டெனன்ற் குறித்திருக்கிறார்.

ஊரி பாடும் என்பதைப் பிற்கால உயிரியலார் ஏற்கவில்லை. நத்தைக்கு ஒலியுறுப்பு இல்லை. மீன்களுள் பலவற்றுக்கு உண்டு. காற்றுப்பையை ஒட்டிய தசைகளைத் துடிக்கச் செய்து அவை ஒலிக்கின்றன. வலையிலிருந்து எடுத்த கையிலேயே கீச்சென்று கத்தும் மீனுக்கு நம்மவர் கீச்சான் என்றே பெயரிட்டிருக்கின்றனர். 'நிலைத்து நிற்பதால் மீனன்று' என்ற டெனன்றின் தருக்கமும் பிற்காலத்தில் ஆட்டங்கண்டது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சோசலிற்றோ என்ற இடத்தில், படகு வீடுகளில் வாழ்வோர் கோடையிரவுகளில் ஓயாத ரீங்காரம் கேட்டு உறக்கமிழந்தனர். 1980-களில் அதன் காரணம் வெளிப்பட்டது. ஒரு மீன் வகையின் ஆண், கல்லுக்கடியிற் கூடு அமைத்து, இடம்விட்டு அசையாது, பெண்மீனை அழைத்து இரவெல்லாம் முரலுகின்றது. இனம் பெருக்கும் பருவம் முடிந்ததும் ஓசை அடங்குகிறது. ஆக, மீனும் ஓரிடத்தில் நின்று பாடும். பருவம் பார்த்தும் பாடும். ஓட்டுடலிகளுள்ளும் ஒலிப்பவை இல்லாமலில்லை. ஒரு கை மட்டும் பெருத்த சிறிய இறால் வகை ஒன்று அடித்தளத்து வளைகளில் இருந்துகொண்டு சடசடவென ஒலிக்கும். இரண்டாம் உலகப்போரிலே நீர்மூழ்கிக் கப்பல்களின் ஓசையைக் கேட்க முயன்றவர்களை அது பெரிதும் தடுமாறச் செய்தது. கையை மூடும் வேகத்தில் நீரிற் பிறக்கும் குமிழ் உடைவதே அவ்வொலிக்குக் காரணம் என்பது 2000-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. ஆயினும் அது வெடிப்பொலி. மட்டக்களப்பிற் கேட்பதோ இன்னொலி. மட்டக்களப்பு வாவியில் குளிறுவது இன்னதுதான் என்று ஐயமற நிறுவப்படவில்லை.

ஊரி என்பது தவறென்றே வைத்துக்கொண்டாலும், மீன்பிடிகாரர் டெனன்றிடம் சொன்னது அதனோடு முடியவில்லை. கோடையிலே இவ்வோசை தெளிவாகக் கேட்கும். மாரி பெய்து ஆற்றுவெள்ளம் வந்து வாவி பெருகியதும் நின்றுவிடும் என்றும் அவர்கள் சொன்னார்கள். பாடுவது மீனா நத்தையா என்று வாதிட்டவர்கள் இப்பகுதியைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. உண்மையில், அவர்கள் சொன்னவற்றுள் மிகப் பெறுமதியானது இதுவே எனலாம். வெள்ளம் வந்ததும் வாவியின் அடியில் என்ன நிகழ்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

கோடையிற் சேற்றை ஒரு பிடி அள்ளினால் மேலே மெல்லிய கபில நிறப் படை ஒன்று தெரியும். கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் செறிந்த படை அது. அதன் கீழே சேறு கருகி, அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். பிராணவாயு மேற்படையோடு நின்றுவிடுவதே காரணம். கீழே அது இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கொண்டு காலங்கழிக்கின்றன. நாற்றமும் கருமையும் அவற்றின் வேலை. இந்தக் கருஞ்சேற்றுக்குள்ளே மற்றப் பிராணிகள் வாழ வேண்டுமாயின் மேலிருந்து நீரை இறக்கிக்கொள்ள வேண்டும். கடற்புழு வகைகள் சேற்றிலே வளை துளைத்து, உடலை அலைபோல அசைத்து, வளையினூடே நீரை ஓடச் செய்கின்றன. வளையின் ஓரமெங்கும் கருமை மாறிக் கபில நிறம் படர்ந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். மட்டி சேற்றிலே புதைந்து, இரு குழல்களை மட்டும் மேலே நீட்டி, ஒன்றால் நீரை உள்வாங்கி மற்றொன்றால் விடுகிறது. ஊரி மேற்படையை மேய்ந்து திரிகிறது. இறால் பகலிற் சேற்றிற் புதைந்து கிடந்து இரவில் வெளிப்படுகிறது. கச்சான் காற்று வீசி நீர் வற்றி, ஆற்றுநீர் வரத்தும் குறைந்த மாதங்களில் வாவியின் உவர் ஏறும். உவர்நீருக்கே உரிய இப்பிராணிகளுக்கு அது வாழ்வுக் காலம்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மாரி பிறக்கிறது. ஆண்டு மழையிற் பெரும்பங்கு மூன்று நான்கு மாதங்களுக்குள் பெய்துவிடும். படுவான்கரைப் பக்கத்து ஆறுகள் செந்நீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடலோரத்து மணற்றிடர் வாயிலை அடைத்திருப்பதால் நீர் வெளியேற வழியில்லாமல் வாவி உயர்கிறது. உவர்நீர் சில நாட்களில் நன்னீராகிறது. கடலினத்துப் பிராணிக்கு இது பெருந்துன்பம். உடலினுள்ளே உப்பு மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால் நீர் உடலுக்குட் புகுந்து அதனை வீங்கச் செய்யும். எனவே மட்டி இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்கிறது. ஊரி உடலை உள்ளிழுத்து, காலிலே இயற்கையாய் அமைந்த மூடியால் வாயிலை அடைத்துக்கொள்கிறது. புழுக்கள் வளையின் ஆழத்துக்குச் செல்கின்றன. சேற்றினுள்ளே தங்கிய பழைய உவர்நீர் மேலே ஓடும் வெள்ளம்போல விரைவில் மாறுவதில்லை. ஆகவே ஆழத்தில் இருப்பவை சில நாட்கள் அதன் துணையாற் பிழைக்கின்றன. வெள்ளம் நீடித்தால் இவற்றுட் பல மடியும். வெள்ளம் கொணர்ந்த புதுச்சேறு மேலே படிந்து வளைகளையும் அடைத்துவிடும். இறாலும் நண்டும் நடக்க வல்லவை; அவை வாயிலை நோக்கி நகர்கின்றன. சிங்கப்பூர்ச் சந்தைவரை பெயர்பெற்ற இலங்கைச் சேற்றுநண்டின் பெண், முட்டையிடக் கடலுக்கே செல்வது.

காலியான இடம் காலியாகவே கிடப்பதுமில்லை. நன்னீருக்குரிய சிறு ஈயினங்களின் புழுக்கள் சேற்றிலே பெருகுகின்றன. அவற்றுட் சில குருதிபோலச் சிவந்திருக்கும். மனிதக் குருதியைச் சிவப்பாக்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒன்றே அவற்றின் உடலிலும் இருந்து, பிராணவாயு அரிதான சேற்றிலே அவை மூச்சுவிட உதவுகிறது. வாயில் திறந்து கடல்நீர் மீண்டும் ஏறும்போது இவை மறைய, கடலிலிருந்து மிதந்துவரும் நுண்ணிய இளம்பிராணிகள் அடியில் இறங்கிக் குடியேறுகின்றன. இவ்வாறு ஒரே சேற்றில் ஓராண்டுக்குள் இரண்டு ஊர்கள் மாறி மாறிக் குடியிருக்கின்றன.

இதனை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர்கள் இலங்கையில் அல்ல, ஒரிசாவின் சிலிகா ஏரியிலே அதனைச் செய்தனர். கல்கத்தா நூதனசாலையைச் சேர்ந்த நெல்சன் அன்னண்டேலும் ஸ்ரான்லி கெம்பும் முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அவ்வேரியைப் பருவந்தோறும் ஆராய்ந்தனர். உவர்நீர், நன்னீர் இரண்டையும் பொறுத்து ஏரியிலேயே நிலைத்து வாழ்பவை, பருவத்தோடு வந்து பருவத்தோடு மறைபவை எனப் பிராணிகளைப் பிரித்துக் காட்டினர். 1915 முதல் வெளிவந்த அவ்வாராய்ச்சி, மட்டக்களப்பு வாவிக்கும் பெரிதும் பொருந்துவது. ஏறத்தாழ அதே காலத்திலே டென்மார்க்கில் பீற்றர்சன் என்பார், கடலடியில் ஒரு குறித்த அளவு சேற்றைக் கவ்வி எடுக்கும் இரும்புக் கருவியைச் செய்து, சதுர மீற்றர் ஒன்றில் எத்தனை பிராணிகள் உள என்று எண்ணத் தொடங்கினார். மீனுக்கு உணவு எவ்வளவு உண்டு என்று அறிவதே அவர் நோக்கம். நத்தை, புழு என்று எவரும் இகழ்ந்த அடிச்சேற்றுப் பிராணிகள் அப்பொழுதுதான் மீன்பிடிக் கணக்கிலே ஏறின.

மட்டக்களப்பிலே அந்தக் கணக்கு ஒவ்வொரு மாரியிலும் ஒரு வழக்காக மாறுகிறது. ஆற்றுவாயை எப்பொழுது வெட்டுவது என்பதே வழக்கு. வாவி பெருகிக் கரையோர வயல்களை மூழ்கடிக்கும்போது, மணற்றிடரை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடவேண்டும் என்று வயற்காரர் கேட்பர். பிந்தினால் நெற்பயிர் அழுகிப்போம். வெட்டு முந்தினால் வளர்ச்சியடையாத இறாலும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும் என்பது வலைகாரரின் கவலை. ஒரே வீட்டிலே தமையன் வயலிலும் தம்பி தோணியிலும் பிழைக்கும் ஊர்களில் இவ்வழக்குக்கு எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிலிகா ஏரியில் இதன் மறுபக்கம் காணப்பட்டது. அங்கே வண்டல் படிந்து பழைய வாயில் தூர்ந்தது, உவர் குறைந்து நன்னீர்ப் பூண்டுகள் பரவின, மீன்பிடி வீழ்ந்தது. 2000-ஆம் ஆண்டு செப்டெம்பரில் புதிய வாயில் ஒன்று வெட்டப்பட்டபின் மீனும் இறாலும் நண்டும் பெருமளவிற் மீண்டன. அடிச்சேற்றின் வாழ்வு வாயிலின் கையில் இருக்கிறது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

மட்டக்களப்பு வாவி வேறு துன்பங்களையும் கண்டிருக்கிறது. 1978 நவம்பரிலே பெரும்புயல் அப்பகுதியைச் சூறையாடியது. அதன்பின் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், இரவிலே வாவியில் இறங்குவது பல வேளைகளில் உயிருக்கு உலை வைப்பதாயிற்று. 2004 டிசெம்பர் 26-ஆம் நாள் கடற்கோள் கல்லடி, நாவலடிப் பக்கத்து மணற்கரையைத் தாண்டி வந்தது. கண்டற்காடுகள் குறைந்தமையும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. கண்டல் இலையை உண்டு வாழும் ஊரிக்கு அக்காடே வயல்.

ஓசையின் வரலாறோ தனிவழியே சென்றது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், வாவியின் இசையை நீரரமகளிரின் பாடலாகக் கொண்டு கவிதை செய்தார். யாழின் சுரங்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவருக்கு அந்நீரொலி வெறும் வியப்பாக மட்டும் இருந்திருக்க முடியாது. 1954-இல், மட்டக்களப்பிற் பணியாற்றிய அமெரிக்க யேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் நீரினுள்ளே ஒலிவாங்கியை இறக்கி அவ்வோசையைப் பதிவு செய்தார். பின்னர் இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. தோணியேறாதவர்களும் அவ்வோசையைத் தம் வீட்டிலிருந்தே கேட்டார்கள்.

கல்லடியில் ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலத்தின் அருகே 2013-இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஓசை கேட்க விரும்புவோர் இன்னும் அப்பழைய பாலத்தை அண்டிய நீருக்கே செல்கின்றனர். துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறுநுனியைக் காதோடு பொருத்திக் கேட்கும்படி தோணிக்காரர் சொல்லிக்கொடுப்பர். வருவோர்க்கு அவர்கள் குறித்துச் சொல்லும் காலம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை, நிறைநிலவை ஒட்டிய இரவுகள். மாரி பிறந்து, வாவி நன்னீராகி, ஊரி தன் வாயிலை அடைத்துக்கொண்ட பின்னர், 1848-இல் அவர்களுடைய முன்னோர் சொன்னதையே அவர்களும் சொல்வர்: இனிக் கேளாது, வெள்ளம் வடியட்டும்.